யார் எழுந்து போனாலும் நிற்காத ஆட்டம்

என் மகளோடு ஒரு மணி நேரத்தின் விலை நானூற்றுப் பதினேழு செருப்புப் பெட்டி.

வக்கீலுக்குக் கொடுத்தது, மனு எழுதியவருக்குக் கொடுத்தது, சனிக்கிழமை மெஷினை நிறுத்துவதால் விழும் நட்டம், பஸ் செலவு எல்லாவற்றையும் கூட்டி, கோர்ட் எனக்கு அளந்து கொடுத்த மணி நேரங்களால் வகுத்து, ஒரு பெட்டியில் எனக்கு நிற்கும் லாபத்தை வைத்துப் பார்த்தால் இந்த எண்ணிக்கை வரும். நான் அட்டைப்பெட்டி செய்கிறவன். எதையும் பெட்டிக் கணக்கில் பார்த்தால்தான் எனக்குப் புரியும். இந்த விலையில் பேரம் கிடையாது, கடன் கிடையாது, மழையில் பஸ் நின்றுபோனால் ஈடும் கிடையாது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, மருந்தைக்கூட ஒரு சொட்டு கூடக் கேட்டு வாங்கி வளர்ந்தவன், வாழ்க்கையில் முதல் முறையாகச் சொன்ன விலைக்கு வாங்கினேன்.

என் மனைவி ஏன் பிரிந்து போனாள் என்பதை அவள் வக்கீல் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தார். அவள் ஒரே வரியில் சொன்னாள்: "இந்த ஆளுகிட்ட தலை வலிக்குதுன்னு சொன்னாக்கூட, எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டுப் பாதியாக் குறைப்பாரு." முதலில் வாரக் கடைசியில் மகளை என்னிடம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள். ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொண்டுவிட வேண்டிய பிள்ளையைச் செவ்வாய்க்கிழமை கொண்டுவிட்டேன். கொசுறு கேட்பது எங்கள் ரத்தத்தில் இருப்பது. கோர்ட்டில் அதற்கு வேறு பேர் வைத்திருந்தார்கள். அதிலிருந்து சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், மேற்பார்வையில் மட்டும் என்று ஆனது.

மேற்பார்வை அறை கோர்ட்டுக்குப் பின்னால், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி. வரைந்தவர் காலிலிருந்து ஆரம்பித்ததால் கழுத்து முடிவதற்குள் கூரை வந்துவிட்டது. தலை இல்லாமலே நின்றது. நடுவில் நீள மேஜை, சுற்றிலும் பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலருகே, மேற்பார்வைக்குக் கோர்ட் வைத்த மேடம். உள்ளே வரும் பொருளை எண்ணி எழுதுவார், வெளியே போகும்போது திரும்ப எண்ணுவார். எப்போதோ ஒரு தகப்பன் கரடிபொம்மையின் வயிற்றுக்குள் போன் வைத்துத் தைத்துக் கொடுத்தாராம். அதற்கப்புறம் மேடம் கலர் பென்சிலைக்கூட எண்ணாமல் விட்டதில்லை.

மகளை மிளகு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்தபோது உருவத்தைப் பார்த்து வைத்த பேர். பேச்சு வந்தபின் காரத்தைப் பார்த்து நிலைத்துவிட்டது. அப்போது அவளுக்குப் பத்து வயது. என் மச்சான், அதாவது அவளுடைய மாமா, அழைத்து வந்து உட்காரவைத்துவிட்டு ஜன்னலோரம் போய் நிற்பான். அவள் வீட்டுப்பாடத்தைப் பிரித்துவைத்துக்கொள்வாள். நான் கேட்பேன், அவள் "ம்" என்பாள். வீட்டில் என்னை 'நீ' என்றுதான் பேசுவாள். இங்கே 'நீங்க' ஆகியிருந்தது. கடையில் பழைய வாடிக்கை திடீரென்று மரியாதையாகப் பேச ஆரம்பித்தால் அவர் வேறு கடை பார்த்துவிட்டார் என்று பொருள்.

ஒரு சனிக்கிழமை கடையில் வாங்கிய ஓர் ஆட்டப் பெட்டியைக் கொண்டுபோனேன். மேலே நாலு சிரிக்கும் முகங்கள், நாலு பேர் ஆடலாம் என்று அச்சிட்டிருந்தது. அடுத்த நாற்காலிகளில் வெல்டர் ஒருவர் தன் இரட்டைப் பையன்களோடு உட்கார்ந்திருந்தார். பையன்கள் பார்த்த பார்வையில் அவர்களையும் சேர்த்துக்கொண்டோம். வெல்டரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து பேர். காய் நாலு நிறத்தில்தான் இருந்தது. இரட்டையரில் ஒருவன், "நான் பாத்துட்டு இருக்கேன்" என்றான், உதடு துடிக்க.

மிளகு வீட்டுப்பாடத்தை மூடினாள். "அஞ்சு பேரு வந்தா ஆட முடியாதா? அப்ப இது என்ன ஆட்டம்?"

எத்தனையோ வாரத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் முழு வாக்கியம். 'இது என்ன விலை' என்று ஒருவர் கேட்டுவிட்டால் அப்புறம் விடக்கூடாது. கடையில் வளர்ந்த பிள்ளைக்கு இது தெரியும்.

"எத்தனை பேரு வந்தாலும் ஆடற மாதிரி நானே செஞ்சு தர்றேன்."

"சொல்லுவீங்க."

"உங்கப்பா பெட்டி செய்யறதுக்கே முப்பது நாள் கெடு கேப்பாரு," என்றான் மச்சான் ஜன்னலிலிருந்து. "ஆட்டம் செய்யறதுக்குள்ள உனக்குக் கல்யாணமே ஆயிடும்."

என்னிடம் அட்டை இருந்தது, வெட்டும் மெஷின் இருந்தது, வேலை முடிந்தும் வீட்டுக்குப் போக மனமில்லாத சாயங்காலங்கள் இருந்தன. பட்டறையில் மெஷின் ஓட்டுகிறவரையும் லோடு ஏற்றுகிறவரையும் உட்காரவைத்து ஆடிப் பார்த்தேன். முதலில் பெரிய பலகை ஒன்று வெட்டினேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் கலைந்துபோன சந்தை மாதிரி வெறிச்சென்று கிடந்தது. ஆறு பேர் உட்கார்ந்தால் முழங்கை இடித்துச் சண்டை வந்தது. அதனால் பலகையையே தூக்கிப் போட்டேன். வருகிறவர் ஒவ்வொருவரும் தன் இடத்தைத் தானே கொண்டுவரட்டும். ஆறு பக்கமுள்ள சில்லு ஏழு. நடுவில் ஒன்று, சுற்றி ஆறு. அது ஒருவருடைய தெரு. பக்கத்தில் உட்காருகிறவரின் தெருவோடு அது பல் பொருந்தி ஒட்டிக்கொள்ளும். ஆள் சேரச் சேர ஊர் வளரும். ஒவ்வொரு தெருவிலும் ஒரு நிறப் பொத்தான் விளையும். உன் நிறம் உனக்கு உதவாது, மற்றவரிடம் பேசித்தான் மாற்ற வேண்டும். மற்ற நிறமெல்லாம் முதலில் சேர்க்கிறவர் ஜெயித்தார். எங்கள் வீட்டில் மூன்று வயதில் கற்றுக்கொடுப்பதை விதியாக எழுதிவைத்தேன், அவ்வளவுதான்.

மிளகு ஆடிப் பார்த்தாள். என்னிடம் பெட்டி வாங்கும் செருப்புக் கம்பெனிக்காரர்கூட இத்தனை குறை சொன்னதில்லை.

"எல்லா நிறமும் சேக்கணும்னா, ரெண்டு பேரு ஆடினா உடனே முடிஞ்சிடும். பன்னெண்டு பேரு ஆடினா முடியவே முடியாது."

"ஆமா. அதான் யோசிச்சிட்டு இருக்கேன்."

"இந்தப் பக்கம் ரெண்டு தெரு, அந்தப் பக்கம் ரெண்டு தெரு. அவங்க நாலு நிறம் இருந்தாப் போதும்னு வையுங்க. மேஜைக்கு அந்தக் கோடியில இருக்கறவங்களோட எனக்கு என்ன வேலை?"

நான் மூன்று வாரமாகத் தலையை உடைத்துக்கொண்ட இடம். பிள்ளை நகத்தைக் கடித்துக்கொண்டே கடந்துவிட்டாள். ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் குறையும் தெருவில் 'ஊமைக்கடை' என்று ஒன்றை வைத்தோம்: ஆள் கிடையாது, விலை அட்டையில் எழுதியிருக்கும், பேரம் கிடையாது. எங்கள் சொந்தக்காரர்கள் மத்தியில் இதைவிடக் கேவலமான கடை கிடையாது. முறை வைத்து ஆடினால் காத்திருக்கும் பிள்ளைகள் மேஜைக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அதனால் முறையை எடுத்துவிட்டு மணல் கடிகாரம் வைத்தோம். மணல் விழுகிறவரை எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திப் பேரம் பேசலாம்.

மிச்சம் இருந்தது ஒரு சிக்கல். அந்த அறையில் யாரை எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. மேடம் பேரைச் சொன்னதும் பிள்ளை பாதி ஆட்டத்தில் எழுந்து போக வேண்டும்.

"எழுந்து போயிட்டா அவங்க தெருவை என்ன பண்றது?" என்றாள் மிளகு.

"எடுத்திட வேண்டியதுதான். அவங்க பொத்தானைப் பக்கத்துல இருக்கற ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கணும். அப்புறம் ரெண்டு தெருவையும் நகர்த்தி ஒட்டிடணும். பாரு." நடுவிலிருந்த தெருவை உருவி, இரு பக்கமும் தள்ளினேன். க்ளிக் என்று பொருந்தியது. பெட்டிக்காரன் வெட்டு, தப்புமா?

"அங்க ஒருத்தங்க இருந்ததே தெரியலையே."

"தெரியக்கூடாது. அதான் இதோட சூட்சுமம். யார் எழுந்து போனாலும் ஆட்டம் நிக்காது."

அவள் விரலால் அந்தப் பொருத்தைத் தடவிப் பார்த்தாள். "சூப்பரா செஞ்சிருக்கே," என்றாள். 'நீ' திரும்பி வந்துவிட்டது. நான் அதைக் கவனிக்காத மாதிரி பொத்தான்களைப் பொறுக்கினேன்.

அன்றைக்குத்தான் முதல் சில்லு குறைந்தது. மேடம் எண்ணினார், திரும்ப எண்ணினார். "தொண்ணூத்தி ஒண்ணு கொண்டுவந்தீங்க. தொண்ணூறுதான் இருக்கு." மேஜைக்கடியில் தேடினோம். மிளகும் குனிந்து மும்முரமாகத் தேடினாள். அவள் நிமிர்ந்தபோது சட்டைப் பையில் ஆறு பக்கச் சில்லின் ஒரு முனை துருத்திக்கொண்டிருந்தது.

"விடுங்க மேடம். புதுசா ஒண்ணு வெட்டிக்கறேன்," என்றேன்.

பஸ்ஸில் முழு வழியும் சிரித்துக்கொண்டே வந்தேன். என் அப்பா கடையில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் பழைய பாக்கியை மொத்தமாக அடைக்க வந்தால், அப்பா முழுசாக வாங்கமாட்டார். "கொஞ்சம் இருக்கட்டும், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஒரு சின்னத் தொகையை விட்டுவைப்பார். பாக்கி இருக்கிறவர் நம் கடை வழியாக வருவார். பாக்கியைத் தீர்த்தவர் எதிர்த்தெருவிலும் போகலாம், யார் கேட்பது? என் மகள் என்னிடம் ஒரு சில்லு பாக்கி வைத்திருந்தாள்.

அப்புறம் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒன்று குறைந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒன்று வெட்டினேன். "பெட்டிக்காரரே, உங்க சரக்குக்கு நீங்களே காவல் இல்லையா?" என்று மேடம் கடிந்துகொள்வார். அந்தத் திட்டு எனக்குப் பாட்டு மாதிரி இருந்தது.

ஆட்டம் அறையைப் பிடித்துக்கொண்டது. வெல்டர் ஒரு வாரம்கூடத் தவறவில்லை. கருஞ்சிவப்புப் பொத்தானை ஒளித்துவைத்து விலை ஏற்றுவதில் என் சித்தப்பாவையே மிஞ்சினார். பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் பேசினார்கள். மச்சான் ஜன்னலை விட்டு வந்தான். "நான் சும்மா ஒரு கை குறையுதேன்னு உக்காந்தேன் மாமா," என்றான், தொடர்ந்து மூன்றாவது வாரமாக.

அவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் மிளகை என் மனைவி அழைத்து வந்தாள். வாசலிலேயே நின்றவளை மிளகு கையைப் பிடித்து இழுத்து, என் பக்கத்துத் தெருவில் உட்காரவைத்துவிட்டாள்.

"மஞ்சள் வேணும்," என்றேன்.

"மூணு நீலம் குடுங்க."

"ரெண்டு."

"மூணுன்னா மூணு. கட்டுப்படியாகலைன்னா ஊமைக்கடைக்குப் போங்க."

மிளகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். நான் மூன்றைக் கொடுத்துவிட்டேன். என் மனைவி பொத்தான்களைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இவ்வளவு லேசா முன்னாடியே குடுத்திருக்கலாம்," என்றாள், வேறு யாருக்கும் கேட்காத குரலில். மணல் விழுந்து முடிந்திருந்தது. வெல்டர், "அடுத்த சுத்து!" என்று கத்தினார்.

அதை நான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். பெட்டிக்காரனுக்குப் பெட்டியின் வெளிப்பக்கம் தெரிகிற அளவு உள்ளே இருப்பது தெரிவதில்லை. கோர்ட்டிலிருந்து தாக்கீது வந்தது: என் மனைவிக்கு ஒரு ராத்திரி பஸ் தூரத்திலிருக்கும் ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, பிள்ளையையும் கூட்டிப் போக அனுமதி வேண்டும். அங்கே இந்த மாதிரி மேற்பார்வை அறை கிடையாது. நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தேன். பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்வோம் என்றார்கள்.

எனக்குப் பயமில்லை. பதினாலு சில்லு மிளகிடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மேஜையைச் சுற்றி ஒன்பது தெரு. எனக்கும் வெல்டருக்கும் நடுவில் மிளகு, எனக்கு மறுபக்கம் மச்சான். ஆட்டம் சூடுபிடித்தபோது மேடம் அவளைக் கீழே கோர்ட்டுக்கு, நீதிபதியிடம் அனுப்பினார். நான் அவள் தெருவை எடுக்கவிடவில்லை. "இப்ப வந்திடுவா," என்றேன். இரட்டையர்கள், "விதி விதிதான்!" என்றார்கள். கையை வைத்து மறைத்துக்கொண்டேன். அவள் வந்து உட்கார்ந்து, "என் பச்சையை யாரு எடுத்தது?" என்று கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

நீதிபதி அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "உங்க பொண்ணு ரொம்பத் தெளிவாப் பேசறா. உங்கமேல பாசமா இருக்கா."

"தெரியுங்க."

"போன்ல பேசிக்கறேன், லீவுக்கு வந்தா பாக்கறேன்னு சொல்றா. வாரா வாரம் ராத்திரி பஸ்ல வந்து போக முடியாதுன்னா. அப்பா தனியா இருப்பாரேன்னு கேட்டேன்." தாளைப் பார்த்து வாசித்தார். "'அப்பாவுக்கு அங்க நிறையப் பேரு இருக்காங்க. யார் எழுந்து போனாலும் ஆட்டம் நிக்காது, அப்பாவே அப்படித்தான் செஞ்சிருக்காரு.' இது என்ன ஆட்டம்ங்க?"

எனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஆரம்பித்தேன். "வாரா வாரம் வேணாங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை."

"பிள்ளை விருப்பம்னு பதிவு பண்ணியாச்சு."

"மாசத்துக்கு ஒண்ணு. நான் போறேன், அவ வர வேணாம்."

"அங்க மேற்பார்வைக்கு ஆள் இல்லையே. அவங்க அம்மா சம்மதிச்சா போய்ப் பாருங்க, நான் தடுக்கலை. உத்தரவாப் போட முடியாது."

"சரி, மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு வையுங்களேன். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். கோபம் இல்லை, இருந்திருந்தால் எனக்குப் பேசத் தெரிந்திருக்கும். "இது கடை இல்லைங்க," என்றார் மெதுவாக. கையெழுத்துப் போடும் இடத்தை எழுத்தர் விரலால் காட்டினார். போட்டேன்.

மாடி ஏறும்போதே சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். என் நாற்காலி சுவரோரம் இருந்தது. மிளகின் தெருவும் மச்சானின் தெருவும் பல் பொருந்தி ஒட்டியிருந்தன. பொருத்து இருந்த இடம் எது என்று செய்த எனக்கே தெரியவில்லை. என் சில்லு ஏழும் ஓரமாக அடுக்கி வைத்திருந்தது. புதிதாக வந்த ஒரு சின்னப் பையனுக்கு மிளகு விதி சொல்லிக்கொண்டிருந்தாள், என் வார்த்தையிலேயே, என் கையசைப்பிலேயே.

"நானும் சேந்துக்கறேன்," என்றேன்.

"மணல் விழற வரைக்கும் நில்லுப்பா," என்றாள் நிமிராமல். "நடுவுல வர்றவங்க அடுத்த சுத்துலதான் சேரணும். நீதானே வச்சே."

நின்றேன். மணல் பாதிதான் விழுந்திருந்தது. வெல்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, விலை சொல்வதை நிறுத்தினார். அது விழுந்து முடிவதற்குள் மேடம், "நேரம் ஆச்சு, எடுத்து வைங்க," என்றார்.

மிளகு தன் பையிலிருந்து ஒரு கைக்குட்டை மூட்டையை எடுத்து மேஜைமேல் அவிழ்த்தாள். பதினாலு சில்லும் இருந்தன. சிலதில் மசி, ஒன்றில் கடித்த தடம்.

"நான்தான் எடுத்தேன்," என்றாள். "சொல்லாம எடுத்துட்டேன். எல்லாத்தையும் எண்ணிப் பாத்துக்கோ. இனிமே மேடம் உன்னைத் திட்ட மாட்டாங்க." நல்ல காரியம் செய்த முகம். அவளுக்கு அது பரிசு.

"ஒண்ணு வச்சுக்கயேன்," என்றேன். "அடுத்த தடவை குடு."

"அடுத்த தடவை எப்பன்னு தெரியாதே. வீடு மாத்தும்போது தொலைஞ்சிடும்பா. ஒண்ணு குறைஞ்சா ஒருத்தங்க ஆட முடியாதில்ல? இது இங்கயே இருக்கட்டும். எல்லாரும் ஆடட்டும்."

"அது சரி," என்றேன்.

மச்சான் அவள் தண்ணீர் பாட்டிலைத் தேடிக்கொண்டிருந்தான். மேடம் இன்னும் எண்ண ஆரம்பிக்கவில்லை. கடித்த தடம் இருந்த சில்லை எடுத்து, அவள் பையின் ஓர அறைக்குள் நழுவவிட்டேன். கரடிபொம்மைத் தகப்பனை நான் எத்தனை தடவை கேலி செய்திருக்கிறேன்.

மேடம் எண்ணினார். "ஒண்ணு குறையுதே," என்றார்.

மிளகு உடனே குனிந்தாள். மேஜைக்கடியில் பார்த்தாள், நாற்காலியைத் தூக்கிப் பார்த்தாள், பிறகு தன் பையை உதறினாள். சில்லு தரையில் விழுந்து உருண்டு என் செருப்பில் முட்டி நின்றது.

"இதோ! எப்படியோ ஒட்டிக்கிட்டு வந்திருக்கு," என்று எடுத்து, மேடம் கையில் கொடுத்தாள். மச்சான் என்னைப் பார்த்தான். பார்க்காத மாதிரி கதவைத் திறந்து பிடித்தான். அவள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், இறுக்கமாக, ஒரு கணம். அப்புறம் படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கும் சத்தம்.

மேடம் பேனாவை உதறிக்கொண்டு, எழுதுவதை எப்போதும்போல வாய்விட்டுச் சொல்லியே எழுதினார்:

கொண்டுவந்தது, தொண்ணூற்று ஒன்று. திரும்பி வந்தது, பதினாலு. அறையில் இருப்பு, நூற்று ஐந்து. பாக்கி, இல்லை.